அணைவுச் சேர்மங்களில் ‘நிலைப்புத்தன்மை’ என்பது எதைக் குறிக்கிறது? பெயரிடல், மாற்றியம் குறித்த ஐயங்களுடன்

குடுவை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அணைவுச் சேர்மங்கள் பாடத்தை மீண்டும் அடியிலிருந்து படித்து வருகிறேன். இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று மோதுவதுபோல் தோன்றுகின்றன.

டெட்ராசயனிடோநிக்கலேட் அயனியின் ஒட்டுமொத்த நிலைப்பு மாறிலி ஏறத்தாழ 10³⁰ என்று நூல்கள் தருகின்றன. அத்தனை உறுதியாக உருவாகும் அணைவில் சயனைடு ஈனிகள் (உலோக அயனியோடு இணைந்திருக்கும் அயனிகள் அல்லது மூலக்கூறுகள்) அசையாமல் இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் கரைசலில் உள்ள தனி சயனைடுடன் அவை நொடிக்கணக்கில் இடம் மாறிக்கொள்கின்றன என்று அதே நூல்கள் அடுத்த பக்கத்தில் சொல்கின்றன. மறுபுறம், ஹெக்சாஅம்மீன்கோபால்ட்(+3) அயனி அமிலத்தில் சிதைய வேண்டியது என்று சமநிலை மாறிலி காட்டுகிறது. ஆனாலும் அமிலக் கரைசலில் அது நாட்கணக்கில் சிதையாமல் இருக்கிறது. அப்படியானால் இவ்விரண்டில் எது நிலையானது?

இத்துடன் இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். மாற்றியத்துக்கு (ஒரே வாய்பாடு, வேறு அமைப்பு) எடுத்துக்காட்டு என்று வந்தாலே கோபால்ட், குரோமியம், பிளாட்டினம் ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தாமிரமும் நிக்கலும் ஏன் வருவதில்லை?

(ஆக்சிஜனேற்ற எண்ணை ரோம எண்ணில் எழுதுவதே மரபு. தட்டச்சு வசதிக்காக இவ்விழையில் +3 என்று அடைப்புக்குள் எழுதுகிறேன்.)

எண்முகி எழுதியது:

குடுவை அவர்களே, உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பாடநூல்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருப்பதால் அந்த இணைப்பு கண்ணில் படுவதில்லை.

நிலைப்புத்தன்மை என்ற ஒரே சொல்லின் கீழ் இரண்டு வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, சமநிலை எட்டப்பட்டபின் அணைவு எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பது. இது வெப்ப இயக்கவியல் சார்ந்தது, நிலைப்பு மாறிலி இதற்கு மட்டுமே விடை சொல்கிறது. இரண்டாவது, அந்தச் சமநிலையை எட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பது; இது வினைவேகம் சார்ந்தது, ஈனி பதிலீட்டின் கிளர்வு ஆற்றலே இதைத் தீர்மானிக்கிறது. முதல் கேள்விக்கான விடையிலிருந்து இரண்டாம் கேள்விக்கான விடையைப் பெற வழியே இல்லை.

நீங்கள் சொன்ன சயனைடு அணைவுகளையே எடுத்துக்கொள்வோம். கார்பன்-14 கொண்ட சயனைடைக் கரைசலில் சேர்த்து, அது அணைவுக் கோளத்துக்குள் எவ்வளவு விரைவாகப் புகுகிறது என்று அளந்திருக்கிறார்கள். நிக்கல்(+2) அணைவில் பரிமாற்றத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 30 விநாடி. ஹெக்சாசயனிடோமாங்கனேட்(+3) அணைவில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஹெக்சாசயனிடோகுரோமேட்(+3) அணைவில் ஏறத்தாழ 24 நாட்கள். மூன்றுமே வெப்ப இயக்கவியல்படி மிக நிலையானவை, ஆனால் வேகத்தில் எத்தனை இடைவெளி என்று பாருங்கள். பரிமாற்றம் வேகமாக நடப்பதால் நிக்கல் அணைவின் அளவு குறைவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு சயனைடு வெளியேறுகிறது, இன்னொன்று உள்ளே வருகிறது, மொத்த இருப்பு மாறுவதில்லை.

கோபால்ட் அம்மீன் இதற்கு நேர் எதிரானது. அமிலத்தில் அது அம்மோனியம் அயனிகளாகவும் அக்வா (நீரே ஈனியான) அணைவாகவும் பிரியும் வினைக்குச் சமநிலை மாறிலி ஏறத்தாழ 10²⁵. சமநிலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால், இந்தச் சேர்மத்தை அமிலத்தில் ஒருபோதும் பார்க்கவே முடியாது. ஆனால் அறை வெப்பநிலையில் அது சிதையப் பல நாட்கள் ஆகின்றன. நிலையற்றது, ஆனால் மந்தமானது என்பதே இதற்குச் சரியான விவரிப்பு.

இந்த வேறுபாட்டை 1952-இல் ஹென்றி டௌபே தெளிவாக வரையறுத்தார். 25 டிகிரி செல்சியஸில், 0.1 மோலார் அளவிலான கரைசலில், ஒரு நிமிடத்துக்குள் பதிலீடு முடிந்துவிட்டால் அது எளிதில் பதிலீடாகும் அணைவு. முடியாவிட்டால் மந்த அணைவு. ஒரு நிமிடம் என்பது கைவசதிக்கான எல்லைக்கோடுதான். ஆனாலும் அந்தக் கோட்டின் இருபுறமும் உலோக அயனிகள் பிரிந்து நிற்கும் ஒழுங்கு எலக்ட்ரான் அமைப்போடு அப்படியே பொருந்துகிறது. அவருக்கு 1983-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. சிஸ் மாற்றியம் (ஒரே வகை ஈனிகள் இரண்டும் அருகருகே) ஒன்றைப் பிரித்தெடுத்துக் குடுவையில் வைத்திருக்க வேண்டுமானால், அது டிரான்ஸ் மாற்றியமாக (அவை எதிரெதிரே) மாறிவிடாத அளவுக்கு ஈனிகள் தத்தம் இடத்தில் தங்கியிருக்க வேண்டும். குரோமியம்(+3) அக்வா அயனியில் ஒரு நீர் மூலக்கூறு சராசரியாக ஏறத்தாழ 5 நாட்கள் தங்குகிறது. தாமிரம்(+2) அயனியில் அது தங்கும் காலம் நானோவிநாடி அளவுதான். மாற்றியங்கள் தாமிரத்துக்கும் உண்டு. தனித்தனியாகப் பிடித்து வைக்கத்தான் நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

நிறமாலை எழுதியது:

எண்முகி ஐயா, தெளிவான விளக்கத்துக்கு நன்றி. ஆனால் தாமிரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது கரைசலுக்கு மட்டுமே பொருந்தும் என்று நினைக்கிறேன். கிளைசின் இரண்டு இணைந்த தாமிர அணைவில் சிஸ், டிரான்ஸ் ஆகிய இரு வடிவங்களையும் திண்மமாகத் தனித்தனியே பெற முடியும். மாணவர் ஆய்வகங்களில் இது வழக்கமான சோதனை. படிகத்தில் ஈனிகள் கட்டுண்டு கிடப்பதால் வடிவம் காக்கப்படுகிறது. இரண்டையும் நீரில் கரைத்துவிட்டால் ஒரே கரைசல்தான் கிடைக்கும்.

எனக்கும் ஓர் ஐயம் உண்டு. நிக்கல்(+2), பிளாட்டினம்(+2) இரண்டுமே எட்டு டி எலக்ட்ரான்கள் கொண்டவை. தளசதுர (நான்கு ஈனிகளும் ஒரே தளத்தில் சதுரமாக அமைந்த) சயனைடு அணைவில் நிக்கல் விரைந்து பரிமாறுகிறது. பிளாட்டினம் அணைவுகளோ பொதுவாக மெதுவாக வினைபுரிகின்றன. எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்போது வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

எண்முகி எழுதியது:

நிறமாலை அவர்கள் சொன்ன திருத்தம் மிகவும் தேவையானது. கரைசலில் நடக்கும் பதிலீட்டைப் பற்றியே நான் எழுதினேன். திண்மத்துக்கு அது செல்லாது.

எட்டு எலக்ட்ரான் பற்றிய ஐயத்துக்கு முன் பொது விதியைச் சொல்லிவிடுகிறேன். எண்முகி (ஆறு ஈனிகள் சூழ்ந்த) அணைவில் மூன்று டி எலக்ட்ரான்கள் இருந்தாலோ, குறைந்த சுழற்சி நிலையில் (தாழ்ந்த மட்டத்திலேயே இணைசேர்ந்து) ஆறு இருந்தாலோ, அணைவு மந்தமாக இருக்கும். குரோமியம்(+3) முதல் வகை, கோபால்ட்(+3) இரண்டாம் வகை. இவ்விரண்டிலும் எலக்ட்ரான்கள் தாழ்ந்த ஆற்றல் மட்டத்தில் மட்டுமே, அதுவும் சீராக நிரம்பியுள்ளன. ஈனிகளை நேராக நோக்கும் உயர் மட்டம் காலியாக இருக்கிறது. பதிலீடு நடக்க அணைவு தற்காலிகமாக ஐந்து ஈனிகளோடோ ஏழு ஈனிகளோடோ நிற்க வேண்டும். அந்த இடைநிலையில் படிகப் புல நிலைப்படுத்தும் ஆற்றலில் (ஈனிகளின் புலத்தில் டி எலக்ட்ரான்கள் பெறும் நிலைப்பில்) பெரும் இழப்பு ஏற்படுவதால் கிளர்வு ஆற்றல் உயர்ந்துவிடுகிறது. உயர் மட்டத்தில் எலக்ட்ரான் புகுந்தாலோ இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. கோபால்ட்(+3) மந்தமாக இருக்க, ஒரே ஓர் எலக்ட்ரான் கூடுதலாகப் பெற்ற கோபால்ட்(+2) எளிதில் பதிலீடாவது இதனால்தான். கோபால்ட்(+3) அம்மீன்களைத் தயாரிக்கும் முறையிலேயே இதைப் பார்க்கலாம்: கோபால்ட்(+2) உப்புடன் அம்மோனியாவைச் சேர்த்து ஈனிகளை விரைவாக இணையவிட்டு, பிறகு காற்றாலோ ஹைட்ரஜன் பெராக்சைடாலோ ஆக்சிஜனேற்றம் செய்து அவற்றை அப்படியே பூட்டிவிடுகிறார்கள்.

இனித் தளசதுர அணைவுகள். இவற்றில் தளத்துக்கு மேலும் கீழும் இடம் திறந்திருக்கிறது. புதிய ஈனி அவ்வழியே நெருங்கி ஐந்து ஈனிகள் கொண்ட இடைநிலையை உருவாக்குகிறது. நிக்கலுக்கு இது எளிது. சயனைடு மிகுதியாக உள்ள கரைசலில் பென்டாசயனிடோநிக்கலேட் அயனி உருவாவதே இதற்குச் சான்று. பிளாட்டினம் மூன்றாம் இடைநிலை வரிசையைச் சேர்ந்தது; அதன் டி ஆர்பிட்டால்கள் விரிந்தவை, ஈனிகளோடு வலுவாக இடைவினை புரிபவை. தளசதுர வடிவத்தை விட்டு விலகினால் அது இழக்கும் ஆற்றல் நிக்கல் இழப்பதைவிட மிகுதி. அதே எலக்ட்ரான் எண்ணிக்கை, அதே வடிவம், ஆனால் தடையின் உயரம் வேறு.

வெண்படிகம் எழுதியது:

இந்த இழையில் வெர்னர் இன்னும் வராதது எனக்கு வியப்பாக இருக்கிறது. எண்முகி ஐயா சொன்ன மந்தத்தன்மை இல்லாமல் போயிருந்தால் அணைவு வேதியியலே அந்த நூற்றாண்டில் பிறந்திருக்காது.

ஆல்ஃபிரட் வெர்னர் தம் கொள்கையை 1893-இல் வெளியிட்டபோது எக்ஸ் கதிர்ப் படிகவியல் கிடையாது. அவர் கையில் இருந்தவை நிறம், கடத்துதிறன், வெள்ளி நைட்ரேட் வீழ்படிவு, மாற்றியங்களின் எண்ணிக்கை ஆகியவை மட்டுமே. கோபால்ட்(+3) குளோரைடுடன் ஆறு அம்மோனியா சேர்ந்த மஞ்சள் உப்பு மூன்று குளோரைடையும் வீழ்படிவாகத் தருகிறது. ஐந்து சேர்ந்த செவ்வூதா உப்பு இரண்டை மட்டுமே தருகிறது. நான்கு சேர்ந்த பச்சை உப்பு ஒன்றை மட்டுமே தருகிறது. உலோகத்துக்கு முதன்மை இணைதிறன், இரண்டாம் நிலை இணைதிறன் என இரண்டு உண்டு என்றும், இரண்டாவது ஆறு திசைகளில் நிலையாக நீள்கிறது என்றும் அவர் முடிவு செய்தது இதிலிருந்துதான்.

ஆறு ஈனிகள் அறுகோணத் தளத்தில் அமைந்தாலும் முக்கோணப் பட்டகத்தில் அமைந்தாலும், நான்கு ஒரு வகையும் இரண்டு வேறு வகையுமான அணைவுக்கு மூன்று மாற்றியங்கள் வர வேண்டும். எண்முகி வடிவத்துக்கு மட்டுமே இரண்டு. அம்மோனியா நான்கு உள்ள கோபால்ட் குளோரைடின் ஊதா மாற்றியத்தை நெடுங்காலம் எவராலும் தயாரிக்க முடியவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கன்சன், அம்மோனியாக்கள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுள்ளன என்ற சங்கிலிக் கொள்கையை ஆதரித்தவர். இந்த இல்லாமையையே வெர்னருக்கு எதிரான வாதமாக அவர் முன்வைத்தார். 1907-இல் வெர்னர் அந்த ஊதா உப்பைத் தயாரித்துக் காட்டினார். யோர்கன்சன் அதை ஏற்றுக்கொண்டார். தம் எதிர்த்தரப்புக்கு ஆதாரமாக அமைந்த சேர்மங்கள் பலவற்றை முன்பு தம் கையாலேயே தூய்மையாகத் தயாரித்தவரும் அவர்தான். இதை நான் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன்.

மூன்றாவது மாற்றியம் ஒன்று கிடைக்கவில்லை என்பது மட்டும் முழுச் சான்றாகாது. நாளை எவரேனும் அதைத் தயாரிக்கலாம். எனவே வெர்னர் ஒளிசுழற்சி மாற்றியத்துக்குச் சென்றார். எத்திலீன்டையமீன் (இரு நைட்ரஜன் அணுக்களால் உலோகத்தைப் பிடிக்கும் ஈனி) இரண்டு இணைந்த சிஸ் அணைவு, எண்முகி வடிவில் இருந்தால், தன் ஆடிப் பிம்பத்தோடு பொருந்தாது. அதை இடஞ்சுழி, வலஞ்சுழி எனப் பிரிக்க முடிய வேண்டும். 1911-இல் அப்படிப் பிரித்துக் காட்டினார்கள். கார்பன் கொண்ட ஈனியிலிருந்தே இச்சுழற்சி வருகிறது என்று ஐயப்பட்டவர்களுக்கு விடையாக, ஒரு கார்பன் அணுவும் இல்லாத, நான்கு கோபால்ட் அயனிகள் கொண்ட ஹெக்சால் என்ற அணைவை 1914-இல் அவர் பிரித்தெடுத்தார். நோபல் பரிசு அதற்கு முந்தைய ஆண்டே கிடைத்துவிட்டது.

மந்தத்தன்மையின் எல்லையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் குரோமியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் புட்டியில் இருப்பது கரும்பச்சைப் படிகம்; இரண்டு குளோரைடு அணைவுக் கோளத்துக்குள், ஒன்று மட்டுமே வெளியே. குளிர்ந்த நீரில் கரைத்த உடனே வெள்ளி நைட்ரேட் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு குளோரைடே உடனடியாக வீழ்படிவாகிறது. கரைசலைச் சூடாக்கிவிட்டோ நெடுநேரம் வைத்திருந்தோ சோதித்தால், உள்ளே இருந்த குளோரைடும் நீருக்கு இடம் கொடுத்து வெளியே வந்துவிடும்; எண்ணிக்கை தவறாகும். பச்சை நிறம் மெல்ல நீலப்பச்சையாகவும் ஊதாவாகவும் நகர்வது அதன் அடையாளம். ஹைட்ரேட் மாற்றியம் என்ற பெயரில் மனப்பாடம் செய்யும் மூன்று வாய்பாடுகளுக்கும் பின்னால் இந்த அவகாசம் இருக்கிறது.

குடுவை எழுதியது:

மிக்க நன்றி வெண்படிகம் ஐயா. இப்போது பெயரிடல் பற்றிக் கேட்கிறேன். பழைய நூல்களில் குளோரோ, சயனோ என்றும் புதியவற்றில் குளோரிடோ, சயனிடோ என்றும் இருக்கிறது. ஈனிகளின் வரிசையிலும் குழப்பம் இருக்கிறது. எதிர்மின் ஈனியை முதலில் எழுதுவதா, நடுநிலை ஈனியையா? மேலும், பெயரை மட்டும் படித்து மாற்றியத்தைத் துல்லியமாக அறிய முடியுமா?

வெண்படிகம் எழுதியது:

மின்சுமையைப் பார்த்து ஈனிகளை வரிசைப்படுத்தும் முறை கைவிடப்பட்டுவிட்டது. ஈனிகளின் பெயர்களை ஆங்கில எழுத்து வரிசைப்படி மட்டுமே அடுக்க வேண்டும். தமிழில் எழுதும்போதும் அந்த வரிசையே தொடரும். டை, டிரை, டெட்ரா போன்ற எண்ணிக்கை முன்னொட்டுகளை வரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை. எனவே ஐந்து அம்மோனியா கொண்ட அந்தச் செவ்வூதா உப்பு பென்டாஅம்மீன்குளோரிடோகோபால்ட்(+3) குளோரைடு ஆகிறது. ஈனியின் பெயருக்குள்ளேயே டை போன்ற எண்ணிக்கைச் சொல் இருந்தால் பிஸ், டிரிஸ் என்று எழுதி ஈனியை அடைப்புக்குள் இட வேண்டும்: டைகுளோரிடோபிஸ்(ஈத்தேன்-1,2-டையமீன்)கோபால்ட்(+3); அடைப்புக்குள் இருப்பது எத்திலீன்டையமீனின் முறைப்பெயர். எதிர்மின் ஈனிகளுக்கு ‘இடோ’ என்ற முடிவு, வேதிப் பெயரிடல் விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயூபிஏசியின் 2005 பரிந்துரைகளில் வந்தது. அணைவு முழுவதும் எதிர்மின் அயனியாக இருந்தால் உலோகப் பெயர் ‘ஏட்’ என முடியும்; இரும்பு ஃபெரேட், தாமிரம் குப்ரேட், வெள்ளி அர்ஜென்டேட்.

பெயர் எவ்வளவு சொல்லும் என்ற கேள்வி இதைவிடச் சுவையானது. சில மாற்றியங்களைப் பெயர் தானாகவே பிரித்துவிடுகிறது. பென்டாஅம்மீன்புரோமிடோகோபால்ட்(+3) சல்ஃபேட், பென்டாஅம்மீன்சல்ஃபேட்டோகோபால்ட்(+3) புரோமைடு ஆகிய இரண்டும் அயனியாதல் மாற்றியங்கள். பெயரைப் படித்த உடனேயே, முதலாவது பேரியம் குளோரைடுடன் வெண்ணிற வீழ்படிவு தரும், இரண்டாவது வெள்ளி நைட்ரேட்டுடன் வெளிர்மஞ்சள் வீழ்படிவு தரும் என்று சொல்லிவிடலாம். எதிர் அயனியும் அணைவாக இருக்கும்போதும் அப்படியே: ஹெக்சாஅம்மீன்கோபால்ட்(+3) ஹெக்சாசயனிடோகுரோமேட்(+3) என்பதில் உலோகங்கள் இடம் மாறினால் பெயரும் மாறிவிடுகிறது.

இணைப்பு மாற்றியத்தில் கூடுதல் குறி தேவை. நைட்ரைட் ஈனி நைட்ரஜன் வழியாக இணைந்தால் கோபால்ட் அணைவு மஞ்சள். ஆக்சிஜன் வழியாக இணைந்தால் சிவப்பு, அது வைத்திருக்க வைத்திருக்க மஞ்சளாக மாறிவிடும். கப்பா என்ற கிரேக்க எழுத்தோடு இணையும் அணுவின் குறியீட்டைச் சேர்த்து எழுதுவது இன்றைய முறை. நைட்ரோ, நைட்ரிட்டோ என்ற பழைய வழக்கும் பலரிடம் தொடர்கிறது.

வடிவ மாற்றியத்தில்தான் எளிய சொற்கள் தீர்ந்துபோகின்றன. சிஸ், டிரான்ஸ், முகப்பு (மூன்று ஒரே வகை ஈனிகள் எண்முகியின் ஒரு முகத்தில்), நெடுவரை (அவை உலோகத்தோடு ஒரே தளத்தில்) ஆகியவை ஈனி வகைகள் குறைவாக இருக்கும்வரைதான் போதும். தளசதுரத்தில் நான்கு வெவ்வேறு ஈனிகள் இருந்தால் மூன்று வடிவங்கள். எது எதற்குச் சிஸ் என்று சொல்வது? எண்முகியில் ஆறும் வெவ்வேறாக இருந்தால் 15 வடிவங்கள், ஒவ்வொன்றும் ஆடிப் பிம்ப இணையோடு, ஆக மொத்தம் 30. அங்கே ஈனிகளுக்கு முன்னுரிமை எண் கொடுத்து, எதிரெதிர் அமைந்தவற்றை எண்களால் குறிக்கும் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும். இரட்டை இடுக்கி ஈனிகளின் (இரு முனைகளால் உலோகத்தைப் பிடிப்பவை) சுழற்சித் திசைக்கு டெல்டா, லாம்டா குறிகள் உண்டு.

நிறமாலை எழுதியது:

இடுக்கி ஈனி என்றதும் நினைவுக்கு வருகிறது. நிக்கல்(+2) அயனியோடு ஆறு அம்மோனியா சேரும்போது நிலைப்பு மாறிலியின் மடக்கை ஏறத்தாழ 8.6, மூன்று எத்திலீன்டையமீன் சேரும்போது ஏறத்தாழ 18.3. இரண்டிலும் ஆறு நைட்ரஜன் அணுக்கள்தான் உலோகத்தைப் பிடித்திருக்கின்றன. பத்தின் அடுக்கில் ஏறத்தாழ பத்து வேறுபாட்டை எப்படிப் புரிந்துகொள்வது? இரண்டு மாறிலிகளின் அலகுகளும் வேறு. அவற்றை நேரடியாக ஒப்பிடுவது சரிதானா?

எண்முகி எழுதியது:

அலகைக் கவனித்தது மிக நல்லது. பலர் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். முதல் மாறிலி செறிவின் எதிர் ஆறாம் அடுக்கில் உள்ளது, இரண்டாவது எதிர் மூன்றாம் அடுக்கில். எனவே ஒப்பீடு ஒரு மோலார் என்ற திட்ட நிலையைப் பொறுத்தது. திட்ட நிலையை மாற்றினால் வேறுபாட்டின் எண் மதிப்பும் மாறும்.

அதனால் இரண்டையும் ஒரே வினையாக எழுதிவிடுவதே நேர்மையான வழி. ஹெக்சாஅம்மீன்நிக்கல் அயனி ஒன்றும் எத்திலீன்டையமீன் மூலக்கூறுகள் மூன்றும் சேர்ந்து, புதிய அணைவு ஒன்றையும் அம்மோனியா மூலக்கூறுகள் ஆறையும் தருகின்றன. இடப்புறம் நான்கு துகள்கள், வலப்புறம் ஏழு. ஒரு மோலார் திட்ட நிலையில் இவ்வினையின் கட்டிலா ஆற்றல் மாற்றம் மோலுக்கு ஏறத்தாழ −55 கிலோஜூல். இதில் பெரும்பங்கு என்ட்ரோபி உயர்விலிருந்து வருகிறது, நைட்ரஜன்–உலோகப் பிணைப்பு வலிமையில் உள்ள சிறு வேறுபாட்டிலிருந்து வருவது குறைந்த பங்குதான்.

துகள் எண்ணிக்கை மூன்று கூடுவதால் இன்னொரு விளைவும் உண்டு. கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தால் வினையின் ஈவு (விளைபொருள், வினைபடுபொருள் செறிவுகளின் விகிதம்) ஆயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது. சமநிலை மேலும் இடுக்கி அணைவின் பக்கம் நகர்கிறது. சாதாரண அணைவுகள் நீர்த்த கரைசலில் பிரிந்துவிடும் இடத்திலும் இடுக்கி அணைவுகள் தாக்குப்பிடிப்பது இதனால்தான். வேகத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே முடிவுக்கு வரலாம்: ஈனியின் ஒரு முனை விடுபட்டாலும் மறுமுனை அதை அருகிலேயே நிறுத்தி வைப்பதால், கரைசலுக்குள் விலகிப் போவதற்குமுன் அது மீண்டும் பிணைந்துவிட வாய்ப்பு மிகுதி.

ஈடிடிஏ ஈனி ஒரே மூலக்கூறில் ஆறு பிடிகளையும் தந்து ஐந்து வளையங்களை உருவாக்குகிறது. கால்சியத்துடன் அதன் மடக்கை மதிப்பு 10.7, இரும்பு(+3) உடன் 25.1. இவ்வளவு உயர்ந்த மதிப்பு இருந்தும் கால்சியம் அணைவு நொடிப்பொழுதில் உருவாகி நொடிப்பொழுதில் பரிமாறும். நீரின் கடினத்தன்மையைத் தரம்பார்த்தலால் அளக்க முடிவதற்கு இவ்விரண்டும் சேர்ந்து தேவைப்படுகின்றன: முடிவுப் புள்ளி கூர்மையாக இருக்க உயர் மாறிலி, ஒவ்வொரு துளிக்கும் காத்திருக்காமல் இருக்க உயர் வேகம்.

குடுவை எழுதியது:

ஒரு கடைசிக் கேள்வி. சிஸ்-பிளாட்டின் மருந்தாகப் பயன்படுகிறது, அதன் டிரான்ஸ் மாற்றியம் பயன்படுவதில்லை என்று படித்திருக்கிறேன். ஒன்றைத் தயாரிக்கும்போது மற்றது உருவாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? தயாரித்தது எது என்று எப்படி உறுதிசெய்வது?

வெண்படிகம் எழுதியது:

தயாரிப்பை டிரான்ஸ் விளைவு தீர்மானிக்கிறது. இதை 1926-இல் செர்னியாயெவ் எடுத்துக்காட்டினார். தளசதுரத்தில் ஓர் ஈனி தனக்கு நேர் எதிரே உள்ள ஈனியின் பதிலீட்டை விரைவுபடுத்தும். இதில் குளோரைடு அம்மோனியாவைவிட வலியது. டெட்ராகுளோரிடோபிளாட்டினேட்(+2) உடன் அம்மோனியாவைச் சேர்த்தால், முதல் அம்மோனியா எங்கு சேர்ந்தாலும் ஒன்றுதான். இரண்டாவது வரும்போது, குளோரைடுக்கு எதிரே உள்ள குளோரைடுதான் எளிதில் வெளியேறுகிறது. அம்மோனியாவுக்கு எதிரே உள்ளது தங்கிவிடுகிறது. ஆகவே கிடைப்பது சிஸ். டெட்ராஅம்மீன்பிளாட்டினம்(+2) அயனியிலிருந்து தொடங்கிக் குளோரைடைச் சேர்த்தால், முதலில் வந்த குளோரைடுக்கு எதிரே உள்ள அம்மோனியா வெளியேறி டிரான்ஸ் கிடைக்கிறது. வாய்பாடு ஒன்றே, தொடங்கும் இடம் வேறு என்பதால் விளைபொருள் வேறு. சமநிலை மாறிலிகளை மட்டும் வைத்திருப்பவரால் இதை முன்கூட்டிச் சொல்லவே முடியாது.

உறுதிசெய்யக் குர்னாகோவ் சோதனை இருக்கிறது. தயோயூரியா மிக வலுவான டிரான்ஸ் விளைவு கொண்டது. சிஸ் மாற்றியத்தில் அது முதலில் இரு குளோரைடுகளின் இடத்தைப் பிடிக்கும். அப்போது ஒவ்வொரு தயோயூரியாவுக்கும் எதிரே ஓர் அம்மோனியா இருப்பதால் அவையும் வெளியேற, நான்கு தயோயூரியா கொண்ட மஞ்சள் நிற அணைவு உருவாகும். டிரான்ஸ் மாற்றியத்தில் இரு தயோயூரியாக்களும் ஒன்றுக்கொன்று எதிரே அமைந்துவிடும். அம்மோனியாக்கள் தம்முள் எதிரெதிரே தொடப்படாமல் நிற்க, நிறமற்ற அணைவோடு வினை நின்றுவிடும்.

உடலுக்குள் நடப்பதும் மெதுவான பதிலீடுதான். இரத்தத்தில் குளோரைடு செறிவு ஏறத்தாழ 100 மில்லிமோலார் அளவில் இருப்பதால், அங்கே சேர்மம் பெரும்பாலும் அப்படியே பயணிக்கிறது. செல்லுக்குள் குளோரைடு மிகக் குறைவு. அங்கே குளோரைடுகள் நீருக்கு இடம் விட்டு, பிறகு டிஎன்ஏவின் குவானின் காரத்தில் உள்ள ஏழாம் எண் நைட்ரஜன் அந்த இடத்தைப் பிடிக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரு குவானின்களை ஒரே பிளாட்டினம் இணைக்க, விடுபடும் இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருக்க வேண்டும். டிரான்ஸ் மாற்றியத்தில் அவை 180 டிகிரியில் இருப்பதால் இந்த இணைப்பை அதனால் ஏற்படுத்த முடியாது.